ஒரு பலகையில் மூன்று மொழி

பளை புகையிரத நிலையப் பெயர்ப்பலகையைப் பலரும் பார்த்திருப்பார்கள், ஆனால் கவனித்திருக்க மாட்டார்கள். 2014 மார்ச் 4 ஆம் திகதி யாழ்தேவி ரயில் மறுபடியும் பளை வரைக்கும் வந்து சேர்ந்தது. அதே ஆண்டு ஒக்ரோபர் 13 இல் யாழ்ப்பாணம் வரை தண்டவாளம் திறக்கப்படும் வரைக்கும், வடக்குப் பாதையின் கடைசி நிலையம் இதுதான். அதன் பயணம் இந்தப் பாதையில் 1990 இல் நின்றுபோயிருந்தது. தெற்கிலிருந்து வந்தவர்கள் இங்கே இறங்கி, சாமான்களைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்தார்கள். இறங்கியதும் கண்ணில் படுவது சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் எழுதிய பெயர்ப்பலகை.

அந்தப் பலகையை யாரோ ஒருவர் வடிவமைத்திருக்கிறார். எந்த மொழி மேலே, எந்த எழுத்து எவ்வளவு உயரம், எது தடிப்பு என்று முடிவெடுத்திருக்கிறார். கிராபிக் டிசைன் என்றதும் கல்யாண அட்டையும் கட்அவுட்டும்தான் நமக்கு நினைவு வரும். உண்மையில் எழுத்து, நிறம், படம், இடம் ஆகியவற்றைக் கொண்டு ஒரு செய்தியைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் வேலை எல்லாமே அதுதான். ரயில் நிலையப் பலகை, வாகன இலக்கத் தகடு, காசுத்தாள், கொடி, கிளினிக் அட்டை எல்லாம் அதில் அடங்கும். இனங்கள் பிரிந்து கிடக்கும் நாடொன்றில் இந்த வேலையால் ஒற்றுமைக்கு ஏதும் செய்ய முடியுமா? முடியும். ஆனால் 'ஒற்றுமை' என்று தலைப்பிட்டு அச்சடிக்கும் சுவரொட்டியால் அது ஆவதில்லை என்பது என் எண்ணம். கோர்த்த நான்கு கைகள், பறக்கும் புறா, கோபுரம், விகாரை, பள்ளிவாசல், தேவாலயம் நான்கும் வரிசையாக நிற்கும் படம்: யுத்தம் முடிந்த பிறகு இவற்றை யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி நெடுகப் பார்த்தாயிற்று. அதே படத்தின் கீழே தமிழ் வாசகம் பிழையோடு நின்றால், புறா சொல்வதை யார் கேட்கப்போகிறார்கள்?

முதலில், வடிவமைப்பு எப்படிப் பிரிக்கிறது என்பதைப் பார்த்துவிட்டால், எப்படிச் சேர்க்கும் என்பது விளங்கும். அதற்கு நம் இலங்கையிலேயே பாடம் இருக்கிறது.

யாழ்தேவி முதன்முதலில் ஓடியது 1956 ஏப்ரலில். அதே ஆண்டு யூனில், சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அடுத்து வந்தது வாகன இலக்கத் தகடு. 1957 முதல் புதிய வாகனங்களின் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இருக்க வேண்டும் என்றார்கள். ஒரே ஒரு எழுத்து. ஆனால் அந்த எழுத்து வீடு வாசல்வரை வந்து நிற்கும் பொருளில் இருந்தது. தமிழரசுக் கட்சி எதிர்ப்புப் போராட்டத்தைத் தொடங்கியது. அரசாங்கத்தோடு செய்துகொண்ட பண்டா-செல்வா ஒப்பந்தத்தோடு அது கொஞ்சம் அடங்கியது, 1958 மார்ச்சில் அரசாங்கம் 'ஸ்ரீ' தகடு பூட்டிய பஸ்களை வடக்குக்கு அனுப்பியதும் மறுபடி மூண்டது. இங்கே சிங்கள ஸ்ரீயின் மேல் தார் பூசினார்கள், கொழும்பில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளின் மேல் தார் பூசினார்கள். ஏப்ரலில் ஒப்பந்தம் கிழிந்தது, மே மாதத்தில் கலவரம். கலவரத்துக்குக் காரணம் ஒரு தகடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் மொழிச் சட்டம் ஒரு ஏழைக் குடியானவனின் கண்ணுக்குத் தெரிந்த இடம் அந்தத் தகடுதான். (தமிழ்நாட்டிலும் ரயில் நிலையப் பலகையில் இந்தி எழுத்துக்கு மேல் தார் பூசிய கதை உண்டு. தார்வாளிக்குக் கடலில் எல்லை கிடையாது.)

இதே இலக்கத் தகட்டை இன்னொரு நாடு எப்படிக் கையாண்டது தெரியுமா? பொஸ்னியாவில் யுத்தம் 1995 இல் ஓய்ந்தது. அதற்குப் பிறகும் சேர்பியர் பகுதி வண்டிக்கு ஒரு தகடு, மற்றப் பகுதிகளுக்கு வேறு தகடு. தகட்டைப் பார்த்ததுமே வண்டிக்காரன் எந்தப் பக்கத்தான் என்று தெரிந்துவிடும், அதனால் பகுதிகளுக்கு இடையிலான கோட்டைத் தாண்டி ஓட்டவே மக்கள் பயந்தார்கள். 1998 இல் நாடு முழுவதற்கும் ஒரே தகடு கொண்டு வந்தார்கள். அங்கே இலத்தீன் எழுத்து, சிரிலிக் எழுத்து என்று இரண்டு வகை. இரண்டிலும் ஒரே வடிவில் இருக்கும் எழுத்துகளை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள். ஏ, ஈ, ஜே, கே, எம், ஓ, டீ. ஊரைக் காட்டும் குறி எதுவும் தகட்டில் இல்லை. அவ்வளவுதான். பிரசாரமும் இல்லை, புறாவும் இல்லை. யாருடைய வண்டி என்று தெரியாமல் போனதும் வண்டிகள் கோடு தாண்டத் தொடங்கின. வடிவமைப்பால் ஒற்றுமைக்குச் செய்யக்கூடியது என்ன என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்தத் தகட்டைத்தான். அது யாரையும் நேசிக்கச் சொல்லவில்லை, பயத்தை மட்டும் எடுத்துவிட்டது.

அதே பொஸ்னியாவில் சிகரட் பெட்டியைப் பார்த்தால் சிரிப்பு வரும். 'புகைத்தல் கொல்லும்' என்ற எச்சரிக்கை பொஸ்னிய, குரோவாசிய, சேர்பிய மொழிகளுக்கென்று மூன்று தடவை அச்சாகியிருக்கும். இரண்டு வரி எழுத்துக்கு எழுத்து ஒன்று, மூன்றாவது அதே வாசகம் சிரிலிக்கில். மூன்று மொழியில் போட்டால் போதும் என்று நினைப்பதற்கும் உண்மையான சமத்துவத்துக்கும் உள்ள தூரத்தை அந்தப் பெட்டி காட்டுகிறது.

நம் நாட்டில் சட்டம் இப்போது தெளிவாகவே இருக்கிறது. 1987 இன் 13 ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. 1988 இன் 16 ஆவது திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் தமிழை நிர்வாக மொழியாக்கியது. 1991 இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழு அமைந்தது. ஆனாலும் பலகை என்று வரும்போது, எந்த மொழி மேலே என்ற கேள்வி இன்னும் சூடு ஆறாதது. 2019 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் பலாலியில் திறந்தபோது பெயர்ப்பலகையில் தமிழ் முதலில் நின்றது, தெற்கில் சிலர் அதைப் பெரிய விவகாரமாக்கினார்கள். அடுத்த மாதமே பாணந்துறையில் வீதிப் பலகைகளின் தமிழ்ப் பகுதியை உடைத்தார்கள். 2021 இல் சட்டமா அதிபர் திணைக்களத்தின் நூலகத் திறப்புக் கல்வெட்டில் சீனம் இருந்தது, தமிழ் இல்லை. எதிர்ப்பு வந்ததும் கல்வெட்டை எடுத்தார்கள்.

இனி வேலைத்தளத்துக்கு வருவோம். ஏனென்றால் பிழைகளில் பாதி அரசியலில் பிறப்பதில்லை, கணினித் திரையில் பிறக்கிறது.

தமிழும் சிங்களமும் ஒரே பலகையில் ஏறும்போது இரண்டும் இரண்டு வகையான இடம் கேட்கின்றன. சிங்கள எழுத்துக்கு உயிர்க்குறிகள் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் வரும், அதனால் உயரம் வேண்டும். தமிழுக்கு அகலம் வேண்டும். ண, ஞ, ணை என்று ஒவ்வொன்றும் காலை நீட்டி உட்காரும். இரண்டுக்கும் ஒரே எழுத்தளவு கொடுத்தால் சமமாகிவிடாது. அலுவலகக் கணினிகளில் நெடுநாள் இருந்த எழுத்துருக்கள் தமிழுக்கு 'லதா', சிங்களத்துக்கு 'இஸ்கோல பொத'. இரண்டையும் 12 புள்ளியில் அடுத்தடுத்துத் தட்டிப் பாருங்கள், உயரமும் தடிப்பும் ஒத்துப்போகாது. பலகை செய்பவர் என்ன செய்கிறார்? சிங்களத்தை முதலில் அழகாக வைத்துவிடுகிறார். 'பச்சிலைப்பள்ளி பிரதேச செயலகம்' என்ற தமிழ் வரி மிச்ச இடத்துக்குள் கொள்ளவில்லை. மௌசால் பெட்டியின் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளுகிறார். தமிழ் எழுத்து ஒடுங்கி, நெட்டுக்கோடெல்லாம் மெலிந்து, சுழியெல்லாம் நசுங்கி நிற்கிறது. பத்து மீற்றர் தள்ளி நின்று பார்த்தால் சிங்களம் தெளிவாகத் தெரிகிறது, தமிழ் கறுப்புக் கோடாகத் தெரிகிறது. யாரும் தமிழை அவமதிக்க நினைக்கவில்லை. ஆனால் பார்ப்பவனுக்கு அப்படித்தான் படும். அவன் கணினியைக் காண்பதில்லை, பலகையைத்தானே காண்கிறான்.

'பளை' போன்ற சின்னப் பெயரில் சிக்கல் வேறு விதம். தமிழில் இரண்டு எழுத்து, ஆங்கிலத்தில் ஆறு. மூன்று வரியையும் பலகையின் முழு அகலத்துக்கு இழுத்தால் தமிழ் பூதமாகும், எல்லாவற்றையும் நடுவில் வைத்தால் தமிழ் சுருங்கியதுபோல் இருக்கும். கையில் தூரிகை பிடித்த பழைய பெயின்டர் இதைக் கண்ணளவால் சரிசெய்தார். திரைக்கு முன்னால் இருப்பவர் அளவுகோலை நம்புகிறார், கண்ணை நம்புவதில்லை. சம அளவு என்பது எண்ணில் இல்லை, பார்வையில் இருக்கிறது. ஒரே தூரத்தில் நின்று மூன்றையும் ஒரே சிரமத்தில் வாசிக்க முடிந்தால் அதுதான் சமம்.

அடுத்தது உடைந்த எழுத்து. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். யூனிகோட்டில் 'தெற்கு' என்று தட்டும்போது கணினி முதலில் 'த'வையும் பிறகு கொம்பையும் சேமிக்கும். கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. ஃபோட்டோஷொப், இலஸ்ரேற்றர் ஆகியவற்றின் பழைய பதிப்புகளுக்கு அது தெரியாது. புதிய பதிப்புகளுக்குத் தெரியும், ஆனால் அமைப்பில் தெற்காசிய எழுத்துக்கான தெரிவைப் போட்டுவிட வேண்டும். போடாவிட்டால் கொம்பு 'த'வுக்குப் பின்னால் நின்று அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். சொல் சொல்லாகவே இருக்காது. பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பு என்றால் அந்த எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் திறந்ததும் ஆங்கில எழுத்துக் குப்பையாகக் கொட்டும். சிங்களத்திலும் கொம்பு இப்படியே உடையும். ஆனால் கொழும்பில் இருக்கும் வடிவமைப்பாளருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும், உடனே பிடித்துவிடுவார். தமிழ் அவருக்குப் படம் மாதிரித்தான். படம் உடைந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒதுக்கிய ஆசனத்துக்கு மேலே 'தாய்' இருக்க வேண்டிய இடத்தில் 'நாய்' ஏறிய கதை நாடே அறிந்தது. த, ந இரண்டுக்கும் வலப்பக்கச் சுழி ஒன்றுதான், இடப்பக்கத்தில்தான் வித்தியாசம். தமிழ் தெரியாத கண்ணுக்கு அது தூசி படிந்த மாதிரி. நமக்கு அடிவயிற்றில் குத்தும். சிரிக்கலாம், சிரித்தோம். ஆனால் நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். வடக்கில் அச்சாகும் பதாகைகளில் சிங்கள வரி எழுத்துப் பிழையின்றி வருகிறதா என்று ஒரு சிங்கள நண்பரிடம் கேட்டுப் பாருங்கள். அவரும் சிரிப்பார்.

மொழி மூன்றும் சரியாக இருந்தாலும் படம் பக்கம் சாயலாம். 2009 நவம்பரில் மத்திய வங்கி வெளியிட்ட 1000 ரூபாத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் எப்போதும்போல இருந்தன. முன்பக்கம் கையுயர்த்திய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச, பின்பக்கம் படையினர் கொடி ஏற்றும் காட்சி. வன்னியில் எத்தனையோ குடும்பங்கள் முகாமில் இருந்த காலம் அது. முள்வேலிக்கு உள்ளே மரக்கறி வாங்கவும் அந்தத் தாள்தான் கைமாறியது. தமிழ் எழுத்து இருந்தும் அது தமிழரிடம் பேசிய தாள் அல்ல.

தேசியக் கொடியின் கதை இன்னும் பழையது. 1948 இல் அமைத்த குழு, சிங்கக்கொடியின் பக்கத்தில் தமிழருக்குச் செம்மஞ்சளும் முஸ்லிம்களுக்குப் பச்சையுமாக இரண்டு பட்டி சேர்க்கச் சொன்னது. 1951 மார்ச் 2 இல் அது கொடியாயிற்று. குழுவிலிருந்த செனட்டர் எஸ். நடேசன் உடன்படவில்லை. பட்டிகள் சிங்கத்தின் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன என்பதுதான் குறை. வடிவமைப்பாளர் கண்ணோடு பார்த்த அரசியல்வாதி என்று அவரைச் சொல்லலாம். எது உள்ளே, எது வெளியே, நடுவில் கோடு இருக்கிறதா என்பதை அவர் கவனித்தார். 1994 இல் தென்னாபிரிக்காவுக்குக் கொடி வரைந்த ஃபிரெட் பிரவுனல் அங்கே வேறு வழி எடுத்தார். இரண்டு பட்டி ஒரு பக்கத்தில் தொடங்கி நடுவில் ஒன்றாகி ஓடும். நிறத்துக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாதபடி, இது இன்னாருடைய நிறம் என்ற அதிகாரபூர்வ விளக்கமும் கொடுக்கவில்லை. நம் ஊரில் நிறம் இன்னும் வில்லங்கம். சிவப்பும் மஞ்சளும் சிங்கக்கொடியிலும் உண்டு, புலிக்கொடியிலும் உண்டு. கோயில் திருவிழாவுக்குச் சிவப்பு மஞ்சளில் கொடி கட்டினாலே கேள்வி வரும் என்று தெரிந்துதான் இங்குள்ள அச்சகக்காரர் நிறம் தேர்கிறார்.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, சரியாக வேலை செய்த ஒன்றையும் காட்ட வேண்டும். பளையிலிருந்து ஏ9 இல் வடக்கே கொஞ்சத் தூரம் போனால் முகமாலை. 2009 வரைக்கும் இரண்டு தரப்பின் முன்னரங்குகளும் எதிரெதிரே நின்ற இடம், நாட்டிலேயே மிதிவெடி மிகவும் நெருக்கமாகப் புதைந்த இடங்களில் ஒன்று. அங்கே நட்ட சிவப்புப் பலகையில் மண்டையோடு, எலும்பு, மூன்று மொழியில் எச்சரிக்கை. அதை விளங்காதவர் இல்லை. எழுத்து வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் விளங்கும், காலியிலிருந்து சுற்றுலா வந்தவருக்கும் விளங்கும். அந்தப் பலகையில் எந்த மொழி மேலே என்று எவரும் சண்டை பிடித்ததாக நான் கேள்விப்படவில்லை. வடிவமைத்தவருக்கு ஒரே கவலை: பார்க்கும் யாருடைய காலும் போய்விடக்கூடாது. இனம் பார்க்காமல் எல்லாரையும் ஒரே மாதிரி மதித்த அந்தக் கவனம் ஆஸ்பத்திரி வழிகாட்டிப் பலகைக்கும் மருந்துச் சீட்டுக்கும் வந்தால் போதும்.

இளம் தலைமுறை இந்த வேலையைத் தொடங்கிவிட்டது. கொழும்பில் மூனியாக் என்ற குழு சிங்கள எழுத்துருக்களைச் செய்து இலவசமாக வெளியிட்டது, அவற்றில் ஒன்றுக்கு அவர்கள் வைத்த பெயர் 'யால்தேவி', நம் ரயிலின் பெயர்தான். தமிழ்ப் பக்கத்தில் இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் 'பவனம்', 'கவிவனார்' எழுத்துருக்களைச் செய்திருக்கிறார், இரண்டும் இலவசம். கூகிளின் நோட்டோ வரிசையில் தமிழும் சிங்களமும் ஒரே தடிப்பில், ஒன்றோடொன்று பொருந்தும்படி கிடைக்கின்றன. 'லதா'வுக்கும் 'இஸ்கோல பொத'வுக்கும் இடையில் இனி யாரும் மல்லுக்கட்டத் தேவையில்லை. 2022 இல் காலிமுகத்திடலில் நடந்த போராட்டத்தில் இளைஞர்கள் பிடித்த மட்டைகளிலும் மூன்று மொழி இருந்தது, பல கையால் எழுதியவை, அங்கே தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடினார்கள். அந்த மட்டைகளை யாரும் சுற்றறிக்கை போட்டு எழுதச் சொல்லவில்லை.

ஒன்றை மறைக்கக்கூடாது. வாசலில் தமிழ்ப் பலகை, உள்ளே தமிழ் தெரிந்த ஒருவரும் இல்லை என்றால் அந்தப் பலகை பொய் சொல்கிறது. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி, வாசிக்க முடியாத தாளில் கையெழுத்து வாங்கும்வரை பலகையின் அழகால் பயனில்லை. காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், அதிகாரப் பகிர்வு எதையும் எழுத்துரு தீர்க்காது. வடிவமைப்பாளர் செய்யக்கூடியது தன் மேசைக்கு வரும் வேலையைச் சரியாகச் செய்வது.

அந்த மேசையில் இருக்கும் தம்பி தங்கைக்குச் சில காரியங்கள். மொழிபெயர்ப்பைத் தமிழ் தெரிந்தவரிடம் சரிபார்த்தால் மட்டும் போதாது, வடிவமைப்பு முடிந்து அச்சுக்குப் போகுமுன் அதே ஆளிடம் மறுபடி காட்டுங்கள். எழுத்து உடைவது இடையில்தான். சிங்கள வரிக்கும் அப்படியே, சிங்களம் வாசிக்கும் ஒருவர் பார்க்க வேண்டும். எழுத்தை ஒருபோதும் பக்கவாட்டில் நசுக்காதீர்கள், இடம் போதாவிட்டால் இரண்டு வரியாக்குங்கள். அச்சகத்துக்கு அனுப்பும் கோப்பில் எழுத்தை அவுட்லைனாக மாற்றுங்கள். கோர்த்த கைகள் வேண்டாம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிப் பாருங்கள், கேட்காவிட்டால் போட்டுக் கொடுங்கள், பிழைப்பும் நடக்க வேண்டும்.

வாசகருக்கு ஒரு வேலை. தமிழ் இல்லாத, அல்லது தமிழ் உடைந்த அரச பலகையைக் கண்டால் முகநூலில் போட்டுச் சிரித்துவிட்டுப் போகாமல், படத்தோடு இடமும் திகதியும் குறித்து ராஜகிரியவில் இருக்கும் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில்தான் வர வேண்டும்.